21 நாள் ஊரடங்கு... 20 நாள் நடை!

ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் பேசப்போகிறார் என்றாலே நம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2016 நவம்பர் 8-ம் தேதி இதே எட்டு மணிக்குத்தான் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று குண்டு விழுந்தது. அன்று முதல் 'எட்டு மணி உரை' என்று டி.வி.யின் அடியில் எழுத்து ஓடினாலே, கை தன்னால் பர்ஸைத் தடவிப் பார்க்கும்!

2020 மார்ச் 24... அதே எட்டு மணி. இந்த முறை பர்ஸ் தப்பித்தது. கொரோனா பரவாமல் தடுக்க, அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுக்க ஊரடங்கு என்றும், எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் அறிவித்தார். 130 கோடிப் பேர் உள்ள நாட்டை இழுத்து மூட நான்கு மணி நேரம் அவகாசம். கல்யாண மண்டபத்தைக் காலி செய்யக்கூட இதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுப்பார்கள்.

அந்த நான்கு மணி நேரத்தில் நாமெல்லாம் என்ன செய்தோம்? அண்ணாச்சி கடைக்கு ஓடினோம். அரிசி, பருப்பு, பால் பாக்கெட், ஆறு மாசத்துக்குத் தாங்குகிற அளவுக்கு மாகி பாக்கெட் எல்லாம் வாங்கி அடுக்கினோம். மறுநாள் காலையில் மேலே சட்டை, கீழே லுங்கி சகிதம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, 'ஸார், என் குரல் கேக்குதா?' என்று மேனேஜரிடம் கத்த ஆரம்பித்தோம். அதற்கு 'வீட்டிலிருந்தே வேலை' என்று பெயர். மாசம் முப்பதாம் தேதி வந்தபோது, நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பளமும் வந்தது. சிலருக்குக் கொஞ்சம் வெட்டு விழுந்திருக்கலாம். ஆனாலும் வந்தது.

அந்த அறிவிப்பில் யாருமே நிறுத்தி யோசிக்காத ஒரு சின்ன வார்த்தை உண்டு. 'வீடு'!

நமக்கு வீட்டிலிருந்தே வேலை. இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை செய்கிற இடம்தான் வீடு. கட்டடம் கட்டுகிறவன் கட்டடத்திலேயே தூங்குகிறான். ஓட்டலில் பரோட்டா போடுகிறவன் ஓட்டல் மாடியில் தூங்குகிறான். பவர்லூமில் ஓடுகிறவன் தறிக்குப் பக்கத்திலேயே படுக்கிறான். வேலை நின்றால் அவனுக்குக் கூலி மட்டுமா நிற்கும்? கூரையும் சேர்ந்தே போகும். அவனைப் பார்த்து 'வீட்டிலேயே இரு' என்றால், 'எந்த வீட்டில் ஸார்?' என்றுதானே கேட்பான்?

கேட்டான். வாயால் இல்லை, காலால்!

பசி மட்டும் பள்ளிக்கரணையில்

நான் குடியிருப்பது சென்னை பள்ளிக்கரணைப் பக்கம். எங்கள் ஃப்ளாட்டுக்கு இரண்டு மனை தள்ளி அப்போது ஒரு அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடிக்கு சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்க்ரீட் போட வேண்டிய நேரத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. கீழே தகர ஷெட்டில் பதினெட்டு பேர். எல்லோரும் பீகார், ஜார்க்கண்ட் பக்கம். வயசு இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குள்.

எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்குக் கொஞ்சம் அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு போட்டு ஒரு மூட்டை சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், ஸ்கூல் நாளில் நான் ஹிந்தி பிராத்மிக் பாஸ் செய்தவன் என்ற ரகசியத்தை என் மனைவி ஊரெல்லாம் பரப்பி வைத்திருந்தாள். என் ஹிந்தியோ, பாக்யராஜ் படத்து 'ரகு தாத்தா' ரகம். முகக் கவசத்தோடு ஷெட் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்து, 'ஆப்... ஹம்... சாவல்...' என்று ஆரம்பித்ததுமே ஓர் இளைஞர் கையைக் காட்டி நிறுத்தினார்.

'அண்ணா, தமிழ்லயே பேசுங்க. நான் இங்க வந்து நாலு வர்ஷம் ஆச்சு!'

பிராத்மிக் சர்டிபிகேட்டை அன்றைக்கே பரணில் ஏற்றியாகிவிட்டது.

மூன்றடி இடைவெளியில் நின்றபடி அவர் சொன்ன கணக்கு இது: பேச்சுக் கூலி நாளுக்கு 600 ரூபாய். அது முழுசாகக் கைக்கு வராது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் செலவுக்காசு கொடுப்பார். அரிசிக்கும் போன் ரீசார்ஜுக்கும் அது சரியாகப் போய்விடும். பாக்கி எல்லாம் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் ஏறும். ஊருக்குக் கிளம்பும்போது மொத்தமாக செட்டில்மென்ட். அதாவது, நமக்கு பேங்க் லாக்கர் என்றால் இவர்களுக்குக் கான்ட்ராக்டரின் சட்டைப் பை! வட மாநிலத் தொழிலாளர்கள் பெரும்பாலோருக்கு நாடு முழுக்க இதுதான் நடைமுறை. பாதியில் ஓடிவிடாமல் இருக்கவும் இது ஒரு கயிறு.

'இப்ப கான்ட்ராக்டர் எங்கே?'

'போன் ஸ்விட்ச் ஆஃப், அண்ணா.'

'ரேஷன் கார்டு இருக்கா?'

'இருக்கே!' என்றார் உற்சாகமாக. 'ஊர்ல. மதுபனில.'

அப்போதுதான் விஷயத்தின் முடிச்சு புரிந்தது. அவருடைய ரேஷன் கார்டு மதுபனியில். ஓட்டு மதுபனியில். குடும்பம் மதுபனியில். கூலி கான்ட்ராக்டரின் சட்டைப் பையில். பசி மட்டும் பள்ளிக்கரணையில்!

தமிழக அரசு அப்போது குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் தரத் தனியாக உத்தரவு வந்தது. சென்னையில் அம்மா உணவகங்களும் பசியாற்றின. சும்மா சொல்லக் கூடாது, மற்ற பல நகரங்களைவிட இங்கே நிலைமை பரவாயில்லை. ஆனால், உத்தரவு கோட்டையில் கிளம்பி ஒவ்வொரு தகர ஷெட்டாகத் தேடி வந்து சேர வேண்டும். ஷெட்டுக்கு ஏது கதவு எண்?

கிளம்பும்போது, 'வேற ஏதாவது வேணுமா?' என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் கேட்டது பிஸ்கட் இல்லை, பீடி இல்லை. 'ரீசார்ஜ் பண்ணிக் குடுக்க முடியுமா, அண்ணா? மூணு நாளா அம்மாகூடப் பேசலை.'

சாப்பாடு போடுறாங்களே, கூலி எதுக்கு?

மார்ச் 29-ம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்கு காலத்தில் முதலாளிகள் கூலியைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும், தொழிலாளிகளிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாச வாடகை கேட்கக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்ன?

ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர்களின் போன் அழைப்புகளை வாங்கி உதவி செய்துகொண்டிருந்த 'ஸ்வான்' என்ற தன்னார்வலர் அமைப்பு, ஏப்ரல் நடுவில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் தொடர்பிலிருந்த 11,159 தொழிலாளர்கள் சொன்ன தகவல்கள் அதில் இருந்தன. 96 சதவீதம் பேருக்கு அரசு ரேஷன் கிடைக்கவில்லை. 89 சதவீதம் பேருக்கு ஊரடங்கு தொடங்கியதிலிருந்து முதலாளி ஒரு பைசா கொடுக்கவில்லை. பாதிப் பேரிடம் இருந்த அரிசி, ஆட்டா ஒரு நாளைக்குக்கூடக் காணாது. உதவி கேட்டுக் கூப்பிட்டவர்களின் கணக்கு இது. நாட்டின் சராசரி இல்லைதான். ஆனால், ஒரு வாரம் போய், இரண்டு வாரம் போய், மூன்றாவது வாரத்தில் நிலைமை இது.

மே 17-ம் தேதியோடு அந்த கூலி உத்தரவும் வாபஸ் ஆனது. கொடுக்காதவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமும் ஜூனில் சொல்லிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் ஏறிய பாக்கி நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிப்போனது.

ஏப்ரல் 7-ம் தேதி, தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தரச் சொல்லிப் போடப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அவர்களுக்குத்தான் சாப்பாடு கொடுக்கப்படுகிறதே, சாப்பாட்டுக்குப் பணம் எதற்கு என்று நீதிமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும்.

பதில் ரொம்பச் சுலபம். சென்னையில் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்குப் பின்னால் மதுபனியில் நான்கு பேர் இருக்கிறார்கள். பொட்டலத்தை மணியார்டர் பண்ண முடியாது!

வெளியூரில் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் எட்டுக்குப் பத்து ரூமில் மூன்று பேராகத் தங்கி, ஒண்ணாம் தேதி அப்பாவுக்குப் பணம் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் மெஸ் டோக்கன் வாங்கிய தலைமுறை நம்மிடமே உண்டு. 'சாப்பாடு நான் போடுறேன், சம்பளம் வேண்டாம், சரியா?' என்று மேனேஜர் கேட்டால் எத்தனை பேர் தலையாட்டுவோம்?

முட்டாள்தனம் இல்லை, கணக்கு!

'இந்த வெயில்ல, பெண்டாட்டி புள்ளையோட, ஆயிரம் கிலோ மீட்டர் நடக்கிறானுங்களே, பைத்தியமா?' என்று அன்றைக்கு டி.வி. பார்த்தபடி கேட்டவர்கள் நிறைய. கொஞ்சம் பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் சுமார் 800 கிலோ மீட்டர். திடகாத்திரமான ஆள் ஒரு நாளைக்கு 40 கிலோ மீட்டர் நடப்பான் என்று வைத்துக்கொண்டால் 20 நாள். ஊரடங்கு 21 நாள். கையில் இருப்பது 300 ரூபாய். நகரத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் வாடகைக்கும் ஆட்டாவுக்கும் ஒரு வாரம்கூடத் தாங்காது. நடந்தால், வழியில் யாராவது ரொட்டி கொடுப்பார்கள், ஒரு லாரி கிடைத்தாலும் கிடைக்கும். கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தால் அங்கே ரேஷன் கார்டு இருக்கிறது, அறுவடைக்கு நிற்கும் கோதுமை இருக்கிறது. செத்தாலும் தூக்கிப்போட நாலு பேர் இருக்கிறார்கள்.

கணக்கில் எங்கே தப்பு? எம்.பி.ஏ. படித்தவனும் இதே விடைக்குத்தான் வந்திருப்பான்!

ரயில்கள் மார்ச் 22 நள்ளிரவோடு நின்றுவிட்டன. பஸ்ஸும் இல்லை. மார்ச் 28-ம் தேதி, டெல்லி ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். உ.பி. அரசு பஸ் விடுகிறது என்ற செய்தி பரவியதுதான் காரணம். பொங்கலுக்கு முந்தைய நாள் கோயம்பேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் புதுசில்லை. ஆனால், கோயம்பேட்டில் நின்றவர்கள் கையில் ஸ்வீட் பாக்ஸ் இருந்தது. பண்டிகை முடிந்தால் திரும்பி வர வேலை இருந்தது.

மார்ச் 30-ம் தேதி உ.பி.யின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களை ரோட்டில் உட்கார வைத்து, பஸ்ஸைக் கழுவும் கிருமிநாசினியை அவர்கள் மேலேயே பீய்ச்சி அடித்தார்கள். பெண்கள், குழந்தைகள் எல்லோர் மேலேயும். பிறகு, ஊழியர்கள் ஆர்வக்கோளாறில் செய்துவிட்டதாக விளக்கம் வந்தது. மறுநாள் மார்ச் 31, தொழிலாளர்கள் யாரும் இப்போது சாலையில் இல்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்குப் பின்னும் இரண்டு மாசம் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மகாராஷ்டிராவில் நடந்தார்கள், குஜராத்தில் நடந்தார்கள், நம்ம ஊர் நெடுஞ்சாலையிலும் நடந்தார்கள்.

கோரக்பூர் போகும் வண்டி ரூர்கேலாவில்!

மே 1, உழைப்பாளர் தினம். தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் ரயில் கிளம்பியது. பெயர் 'ஷ்ரமிக் ஸ்பெஷல்'. ஷ்ரமிக் என்றால் தொழிலாளி. ஊரடங்கு போட்டு ஐந்து வாரம் கழித்துத்தான் தொழிலாளிக்கு ரயில் ஞாபகம் வந்தது. அதற்குள் ஊரடங்கு இரண்டாவது தவணையில் இருந்தது.

ரயில் சரி, டிக்கெட் யார் வாங்குவது? மத்திய அரசு மாநிலத்தைக் காட்டியது, மாநிலம் மத்திய அரசைக் காட்டியது. கூலி இல்லாமல் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தவர்களில் பலர், கடன் வாங்கி டிக்கெட் காசு கட்டினார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது மே 28-ம் தேதி. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கர்நாடகத்தில் இன்னொரு கூத்து. மே 5-ம் தேதி முதலமைச்சரைக் கட்டட நிறுவனக்காரர்கள் சந்தித்தார்கள். உடனே, தொழிலாளர்களுக்காகக் கேட்ட ரயில்கள் வேண்டாம் என்று மாநில அரசு ரயில்வேக்கு எழுதிவிட்டது! 'வேலைதான் ஆரம்பிக்கப்போகிறதே, ஏன் போக வேண்டும்?' என்ற நல்லெண்ணம். நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் முடிவு மாறியது. 'இவர்கள் இல்லாமல் நகரம் ஓடாது' என்ற உண்மை அந்த ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 'அப்படியானால் இத்தனை நாள் கூலி எங்கே?' என்ற கேள்விக்குத்தான் கடிதத்தில் இடமில்லை.

மே 8-ம் தேதி விடியற்காலை நடந்ததை மட்டும் சிரிப்பில்லாமல் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிராவின் ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை பார்த்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள், ரயில் பிடிப்பதற்காக புசாவல் நோக்கித் தண்டவாளம் ஓரமாகவே ராத்திரி முழுக்க நடந்தார்கள். அவுரங்காபாத் அருகே (இப்போது அந்த ஊர் சத்ரபதி சம்பாஜிநகர்) கர்மாட் பக்கம் வந்ததும் கால் ஓய்ந்து தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார்கள். ஊரடங்கில் ரயில் ஓடாது என்ற நம்பிக்கை. பயணிகள் ரயில்தான் ஓடவில்லை. சரக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 16 பேர் இறந்தார்கள். வழிக்குக் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த போட்டோ மறுநாள் பேப்பரில் வந்தது.

அரிசியும் கோதுமையும் ஏற்றிப்போக அன்றைக்கு ரயில் இருந்தது. அதைச் சாப்பிடுகிறவனை ஏற்றிப்போகத்தான் போதுமான ரயில் இல்லை.

கிடைத்த ரயிலும் லேசில் போய்ச் சேரவில்லை. மே 21-ம் தேதி மும்பை அருகே வசாய் ரோட்டிலிருந்து கோரக்பூருக்குக் கிளம்பிய வண்டி, இரண்டு நாள் கழித்து நின்ற இடம் ஒடிஷாவின் ரூர்கேலா! நெரிசல் காரணமாக வேறு பாதையில் திருப்பிவிட்டோம் என்றது ரயில்வே. நம்ம கணக்கில் சொல்வதானால், எக்மோரில் மதுரைக்கு ஏறிப் படுத்தவன் கண் விழித்தால் விஜயவாடா! நாம் என்றால் ட்விட்டரில் ரயில்வே அமைச்சரையே இழுத்திருப்போம். சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்த பெட்டியில் மே மாச வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதற்கான ரீசார்ஜ்கூட இருந்திருக்காது.

மொத்தம் 4,600-க்கும் மேற்பட்ட ஷ்ரமிக் ரயில்களில் 63 லட்சம் பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. அந்த ரயில்களில் பயணத்தின்போது 97 பேர் இறந்ததாகச் செப்டம்பரில் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். சரி, சாலையில் நடந்து செத்தவர்கள் எத்தனை பேர்? அதே மாசம் அதே நாடாளுமன்றத்தில் தொழிலாளர் அமைச்சகம் சொன்ன பதில்: 'அப்படிப்பட்ட புள்ளிவிவரம் எதுவும் இல்லை.'

எங்கள் பக்கத்து ஷெட்காரர்களுக்கும் மே நடுவில் ரயில் கிடைத்தது. ஆன்லைனில் பெயர் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு பேருக்கும் போனில் நான் நிரப்பிக் கொடுத்தேன். 'தற்போதைய முகவரி' என்று ஒரு கட்டம் வந்தது. 'என்னப்பா போடறது?' என்றேன். அந்த இளைஞர் நிமிர்ந்து, மூன்றாவது மாடிவரை தன் கையால் எழுப்பிய கட்டடத்தைப் பார்த்தார். அதன் மேல் தொங்கிய விளம்பர பேனரையும் பார்த்தார். நீச்சல் குளமும் சிரிக்கும் குடும்பமும் உள்ள பேனர்.

'பேனர்ல பில்டிங் பேர் இருக்கில்ல அண்ணா, அதையே போடுங்க' என்றார்.

போட்டேன். அந்தக் கட்டடத்தின் முதல் குடித்தனக்காரர்கள் அவர்கள்தான்!

சட்டம் 1979-லேயே பிறந்துவிட்டது

இவ்வளவும் படித்துவிட்டு, 'இதுக்கெல்லாம் ஒரு சட்டம் போடக் கூடாதா?' என்று தோன்றினால்... போட்டாச்சு! 1979-லேயே. பெயர்: மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் புலம்பெயர் தொழிலாளர் சட்டம்.

அதில் என்ன இல்லை? வெளிமாநில ஆட்கள் ஐந்து பேர் இருந்தாலே கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டி, கூலி விவரம் எழுதி ஒரு பாஸ் புத்தகம். ஊரை விட்டு வருவதற்கு ஈடாகப் பாதி மாசக் கூலி தனியாக. வரப்போக ரயில் செலவு. தங்க இடம். வைத்திய வசதி. இதையெல்லாம் கேட்டால் நமக்கே வேலையை விட்டுவிட்டுக் கம்பி கட்டப் போகலாமா என்று தோன்றும்!

பள்ளிக்கரணை இளைஞரிடம் 'பாஸ் புத்தகம்' என்றேன். 'பேங்க் பாஸ் புக்கா, அண்ணா?' என்றார். நாலு வர்ஷத்தில் அப்படியொன்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தப் புத்தகம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருந்தால், 2020 மார்ச்சில் எந்த ஊரில், எந்த ஷெட்டில், எந்த மாநிலத்து ஆள் எத்தனை பேர் என்று லேபர் ஆபீஸ் பீரோவைத் திறந்தாலே தெரிந்திருக்கும். ரேஷனையும் அனுப்பியிருக்கலாம், ரயிலையும் விட்டிருக்கலாம். நான்கு மணி நேரத்தில் நாட்டை மூடியதைவிடப் பெரிய தப்பு, அதற்கு முன் நாற்பது வருஷம் இவர்களை எண்ணாமல் விட்டது. அதில் எல்லாக் கட்சி ஆட்சிக்கும் பங்கு உண்டு.

பணமும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1996-ல் வந்த சட்டப்படி, கட்டடம் கட்டுகிறவர்களிடம் செலவில் குறைந்தது 1 சதவீதம் 'செஸ்' வசூலித்து, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களில் போட்டுவந்தார்கள். 2020 மார்ச் 24-ம் தேதி, அதாவது அதே எட்டு மணி நாளில், அந்த நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குக் கிடைத்தது. பதிவு செய்ய, கடந்த ஒரு வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்ததாகச் சான்று வேண்டும். சான்று யாரிடம் வாங்குவது? ஸ்விட்ச் ஆஃப் ஆன போன்காரரிடம்!

ரயில் இல்லை... விமானம் உண்டு!

ஜூன் பிறந்தது. கட்டட வேலைக்கு அனுமதி இருந்தது. ஆள் எங்கே? சென்னை, பெங்களூர், ஹைதராபாத் பில்டர்கள் சிலர் பீகாருக்கு பஸ் அனுப்பினார்கள். சிலர் விமான டிக்கெட்டே எடுத்துக் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். மே மாசம் ரயில் டிக்கெட்டுக்குக் கடன் வாங்கியவனுக்கு ஜூன் மாசம் ஜன்னலோர ஸீட்!

அவர்களும் ஏன் திரும்பி வந்தார்கள்? அதற்கும் கணக்குதான். ஊரில் கிடைத்தது நூறு நாள் வேலை. 2020-21-ல் பீகாரில் அதற்குக் கூலி நாளுக்கு 194 ரூபாய்; தமிழ்நாட்டில் 256. அந்த வருஷம் நாடு முழுக்க அந்தத் திட்டத்தில் 380 கோடி மனித நாட்களுக்கும் மேல் வேலை நடந்தது, அதுவரை இல்லாத அளவு. நகரத்தில் பேச்சுக் கூலி 600. ஏமாந்த 600 கூட, கிடைக்கிற 194-ஐவிடக் கவர்ச்சியானதுதான். எங்கள் பக்கத்து ஷெட்டின் பதினெட்டு பேரில் பதினோரு பேர் தீபாவளிக்கு முன்னால் வந்துவிட்டார்கள். இந்த முறை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்களாம்: செட்டில்மென்ட் மாசா மாசம்!

அரசாங்கமும் கொஞ்சம் பாடம் படித்தது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2019-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கெடு விதித்தது. கடைசியாக அஸ்ஸாம் 2022-ல் வந்தது. மதுபனி கார்டைக் காட்டிப் பள்ளிக்கரணையில் தன் பங்கு அரிசியை வாங்கலாம். மிச்சத்தைக் குடும்பம் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் 'இ-ஷ்ரம்' பதிவு தொடங்கி, இதுவரை 30 கோடிக்கு மேல் அமைப்புசாராத் தொழிலாளர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் நல்ல காரியம்.

1979 சட்டத்தைப் புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பயணப்படி இதிலும் உண்டு. ஆனால், முன்பு ஐந்து பேர் இருந்தால் சட்டம் பொருந்தும். இப்போது பத்து பேர் வேண்டும். ஒன்பது பேரை வைத்து வேலை வாங்கும் கான்ட்ராக்டருக்கு விரல் விட்டு எண்ணத் தெரியாதா என்ன!

சட்டம் இருக்கட்டும், நம்மால் என்ன ஆகும்? ஆகும். நம்மில் பாதிப் பேர் என்றைக்காவது ஒரு ஃப்ளாட் பார்க்கப் போவோம், லோன் போட்டு இருபது வருஷம் ஈ.எம்.ஐ. கட்டுவோம். நாம் கொடுக்கிற விலையில் அந்த 1 சதவீத செஸ்ஸும் அடக்கம். ஆகவே கேட்கிற உரிமை நமக்கு உண்டு. கிழக்குப் பார்த்த வாசலா, சமையலறை அக்னி மூலையிலா என்று கேட்கிறபோது, கூடவே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'இங்கே வேலை செய்கிறவர்களை நல வாரியத்தில் பதிவு பண்ணியிருக்கீங்களா? கூலி அவங்க பேங்க் கணக்கில் போகுதா, நோட்டுப் புத்தகத்தில் ஏறுதா?'

சமீபத்தில் நண்பர் ஒருவருக்குத் துணையாக ஃப்ளாட் பார்க்கப் போனபோது நான் கேட்டேன். மூன்று பாத்ரூமுக்கும் என்ன கம்பெனி டைல்ஸ் என்று மனப்பாடமாக ஒப்பித்த விற்பனைப் பிரதிநிதி, திருதிருவென்று விழித்தார். 'ஸார், இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை. ஆபீஸில் விசாரித்துச் சொல்றேன்' என்றார்.

நூறு பேர் கேட்டால் விசாரித்து வைத்திருப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால், பேனரில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒரு வரி போடுவார்கள்!